ஆட்சேர்ப்புத் திரை: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு மீது ஒரு கண்டனம்

1852ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரியொன்றில் ஹார்வார்ட், யேல் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவரும் படகோட்டிப் போட்டியிட்டனர். அந்நாட்டிற் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதலாவது விளையாட்டுப் போட்டி இதுவே. இதற்கான செலவை ஏற்றது கல்வி நிறுவனம் எதுவுமன்று. தனது பாதையிற் பிரயாணிகளைப் பெருக்க விரும்பிய ஒரு புகையிரதக் கம்பனியே ஏற்றது. ஆகவே, தூய்மையாகத் தோன்றிய கல்லூரி விளையாட்டைப் பிற்காலத்து வணிகமே கெடுத்தது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது பிறந்தபோதே விளம்பரமாகப் பிறந்தது. இன்று இணையத்தளங்களும் சமூக ஊடகங்களும் அவ்விளம்பரத்துக்கு முன்னொருபோதும் இல்லாத வலிமையை அளித்துள்ளன. அவ்வலிமை யார்மீது பிரயோகிக்கப்படுகின்றது, எதை மறைக்கின்றது என்பனவே இங்கு எழும் வினாக்கள்.

திறமையுள்ள பாடசாலை வீரரைத் தம்பக்கம் இழுக்கப் பல்கலைக்கழகங்கள் போட்டியிடுவது புதியதன்று. 1929இலேயே கார்னகி மன்றத்தின் அறிக்கை இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடியது. அன்று கடிதமும் பழைய மாணவரின் வருகையும் செய்த பணியை இன்று திரை செய்கின்றது. 2006இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட ஹடில் போன்ற சேவைகள் வழியாகப் பாடசாலைச் சிறுவரின் ஆட்டக் காட்சிகள் பயிற்றுநரின் மேசைக்குச் செல்கின்றன. 1990களின் இறுதியில் தோன்றி, 2007இல் யாஹூ நிறுவனத்தால் வாங்கப்பட்ட ரைவல்ஸ் போன்ற தளங்கள், விடுதிகளைத் தரப்படுத்துவது போலச் சிறுவர்க்கு ஐந்து நட்சத்திரங்கள் வரை வழங்கி வரிசைப்படுத்தின. பதினாறு வயதுடைய ஒருவன் தன்னைத் தானே அறியுமுன்னர் சந்தை அவனது விலையை அறிந்துகொள்கின்றது.

விலையறிந்தபின் கவர்ச்சி தொடங்குகின்றது. ஒரிகன் பல்கலைக்கழகம் 2013இல் 68 மில்லியன் டொலர் செலவிற் கட்டிடமொன்றை அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கென்றே திறந்தது. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017இல் திறந்த 55 மில்லியன் டொலர் கட்டிடத்திற் சறுக்குமரமும் சிறு கோல்ஃப் திடலும் உள்ளன. இவை பயிற்சிக்கு மட்டும் எழுந்தவையல்ல. படம்பிடித்துப் பரப்புவதற்கும் எழுந்தவை. விளையாட்டுத் திணைக்களங்களில் ஓவிய வடிவமைப்பாளரும் ஒளிப்படக் குழுவினரும் அமர்ந்து, இன்னமும் பாடசாலையிற் பயிலும் சிறுவனைத் தமது அணியின் சீருடையில் வீரனாகச் சித்திரித்து அவனுக்கே அனுப்புகின்றனர். அவன் அதைத் தன் பக்கத்திற் பெருமையுடன் வெளியிடுகின்றான். விற்கப்படும் பொருளே விளம்பரப் பலகையையும் தோளிற் சுமந்து திரிகின்றது. அதற்குக் கூலியும் இல்லை.

இதனைக் கட்டுப்படுத்த விதிகள் இல்லையா எனக் கேட்கலாம். விதிகள் ஏராளம் உள்ளன. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2007இற் பயிற்றுநர் சிறுவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதைத் தடைசெய்தது. பின்னர் அத்தடையைப் படிப்படியாக நீக்கியது. 2016 ஆகஸ்டில், சிறுவரின் சமூக ஊடகப் பதிவுகளுக்குப் பயிற்றுநர் விருப்பக்குறி இடலாம், அவற்றை மீளப் பகிரலாம், ஆயின் சொந்தமாக ஒரு சொல்லும் எழுதலாகாது என விதித்தது. இதைவிட வேடிக்கையானது 2009இல் நடந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், புகழ்பெற்ற கூடைப்பந்தாட்ட இளைஞன் ஒருவனைத் தம் பல்கலைக்கழகத்துக்கு வருமாறு வேண்டி முகநூலிற் குழுவொன்றை அமைத்தார். அது ஆட்சேர்ப்பு விதிக்கு முரணானது எனப் பல்கலைக்கழகமே அவரை எச்சரித்தது. ஆர்வமுள்ள மாணவரின் குரல் குற்றம்; மில்லியன் டொலர்க் கட்டிடத்தின் குரல் குற்றமன்று! இவ்விதிகள் பெரிதும் காப்பது வாங்குவோரிடையே நியாயத்தை. விலைபோகும் இளைஞனை அன்று.

இத்திரை காட்டுவதிலும் மறைப்பதே பெரிது. 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கையொன்று, சப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 3,100 மாணவர் பதினெட்டு ஆண்டுக் காலத்தில் முறையாக நடைபெறாத வகுப்புகளில் மதிப்பெண் பெற்றதை அம்பலப்படுத்தியது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர். 2017இல், அவ்வகுப்புகள் ஏனைய மாணவருக்கும் திறந்திருந்தன என்ற காரணத்தால் விளையாட்டுச் சங்கம் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அச்சங்கமே தரும் கணக்கின்படி, அதன் வீரருள் நூற்றுக்கு இருவர்கூடத் தொழில்முறை வீரராவதில்லை. அவ்வாறாயின் எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் கல்வியே வாழ்வு. எந்த ஆட்சேர்ப்புச் சுவரொட்டி இவ்வெண்ணைத் தலைப்பிற் பொறித்துள்ளது?

'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் சொல்லின் தோற்றமும் நோக்கற்பாலது. 1955இற் கொலராடோவில் உதைபந்தாட்டத்தின்போது தலையிற் காயமுற்று ஒரு கல்லூரி வீரர் இறந்தார். அவரது மனைவி கோரிய நட்டஈட்டை 1957இல் மாநில உயர் நீதிமன்றம் மறுத்தது. அக்காலத்தில், வீரர் தொழிலாளராகக் கருதப்படலாம் என்ற அச்சத்தினாலேயே இச்சொல் புனையப்பட்டதென, சங்கத்தை 1951 முதல் 1987 வரை நிர்வகித்த வால்டர் பையர்ஸ் தம் நூலில் ஒப்புக்கொண்டார். கல்வியின் பெயரால் அமைந்த இச்சொல், உரிமையை மறுக்கும் கருவியாகவே பிறந்தது.

புதிய ஊடகங்கள் வறிய இளைஞனுக்கு வாயில் திறந்தன எனச் சிலர் வாதிடுவர். அதில் உண்மை உண்டு. பயிற்றுநர் காலடி வைக்காத சிற்றூரின் சிறுவனும் இன்று ஒரு காட்சிப்பதிவினாற் கவனிக்கப்படலாம். ஆயின் அதே வாயில் வழியாகக் கண்காணிப்பும் நுழைகின்றது. 2014இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஒருவர், சமூக ஊடகப் பதிவுகளைக் கண்டு ஓர் இளைஞனைக் கைவிட்டதாக டுவிட்டரில் தாமே அறிவித்தார். 2021 ஜூலை முதல் வீரர் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்டலாம் என்பதும், 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம் என்பதும் போராடிப் பெற்ற வெற்றிகளே. 2025–26 கல்வியாண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். ஆயினும் அவ்விணக்கம் வீரரைத் தொழிலாளராக ஏற்கவில்லை. பணம் வந்தது, பேரம்பேசும் உரிமை வரவில்லை. மேலும், பெயரின் விலை பின்தொடர்வோரின் தொகையில் தங்கியிருக்கும்போது, பயிற்சியும் படிப்பும் முடிந்த களைப்பிலும் இளைஞன் தன்னைத் தானே விளம்பரப்படுத்தும் மூன்றாவது வேலையைச் செய்ய நேர்கின்றது.

எனவே ஊடகங்களை மூடுவது தீர்வாகாது. அவற்றை உண்மை பேசச் செய்வதே தீர்வாகும். சறுக்குமரத்தைக் காட்டும் பக்கத்திலேயே, அந்த அணியில் எத்தனைபேர் பட்டம் பெற்றனர், எத்துறைகளிற் பெற்றனர், எத்தனைபேர் காயத்தால் விலகினர், அவர்களின் மருத்துவச் செலவை யார் ஏற்றார், எவரது புலமைப்பரிசில் எக்காரணத்தால் நின்றது என்பவற்றையும் வெளியிடச் சட்டம் வற்புறுத்தல் வேண்டும். வீரர் ஒன்றுகூடிப் பேரம்பேசும் உரிமை ஏற்கப்படல் வேண்டும். இவ்விரண்டையும் மறுக்கும் பல்கலைக்கழகம் அவர்களை மாணவர் என அழைக்கும் தகுதியை இழக்கின்றது. பல்கலைக்கழகம் என்பது உண்மையைத் தேடும் இடம் என்றால், தன் வாயிலுக்கு இளைஞரை அழைக்கும் முதற்சொல்லிலேயே அது உண்மை பேசக் கடமைப்பட்டுள்ளது.