எந்தப் பக்கம் ஓடுவது?

பேரிடரா? அது கலெக்டர் பாடு, இன்ஜினியர் பாடு. கட்டடக்கலை மாணவருக்குத் திறந்தவெளி என்றால் புல்தரை, நடைபாதை, நாலு மரம். கல்லூரிகளில் பலருடைய நினைப்பு இதுதான். இந்த நினைப்பை வடசென்னையின் எண்ணூருக்கு அழைத்துப்போய்ப் பார்ப்போம்.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2004இல் சுனாமி வந்ததும் இதே தேதியில்தான்.

இரண்டு தடவையும் ஆபத்து கடலிலிருந்து வந்ததால் மேற்கே ஓடினால் சரி. நாளை மேற்கே மணலி ஆலைகள் பக்கம் ஏதாவது கசிந்து மேல்காற்றும் அடித்தால்? காற்றுக்குக் குறுக்கே, வடக்கிலோ தெற்கிலோ விலக வேண்டும். மிக்ஜாம் புயலில் வந்ததோ எண்ணெய் கலந்த வெள்ளம். அதற்கு மேடு வேண்டும். கலெக்டர் சைரன் வைக்கலாம். ஆனால் சந்து எவ்வளவு அகலம், தரைமட்டம் என்ன, எந்தச் சுவர் வழியை மறிக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தீர்மானமாகிற சங்கதி. அந்தப் படத்தை வரையத்தானே ஐந்து வருஷம் படிக்கிறார்கள்?

அடுத்து, "ஓடிவந்து ஒதுங்க வடசென்னையில் காலி இடம் ஏது?" என்பார்கள். பாதி உண்மை. துறைமுகச் சுவர் மணலோட்டத்தை மறித்ததில் மெரினா கொழுத்தது. ராயபுரத்திலிருந்து வடக்கே கடற்கரை கரைந்து கருங்கல் தடுப்பாகிவிட்டது. ஆனாலும் பள்ளி மைதானம் இருக்கிறது, வலை பின்னும் கூடம், சர்ச் வாசல், அம்மன் கோயில் திடல், பையன்கள் கால்பந்து ஆடும் மைதானம் எல்லாம் இருக்கின்றன. இடத்தைவிடக் கேட்தான் சிக்கல். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கேட், இரவில் அதற்கும் பூட்டு. அது எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் திறக்கும், மூக்கை மூடத் துணி நனைக்கக் குழாய் எங்கே, கரண்ட் போனால் எரியும் விளக்கு எது, சக்கர நாற்காலி ஏறுமா? வெளியே எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் எந்தச் சந்து வழியாக வருவது? ஒரு செமஸ்டருக்கு இது தாராளம்.

டோக்கியோவில் 2010இல் திறந்த ரின்காய் பேரிடர்த் தடுப்புப் பூங்காவைக் காட்டினால், "அதெல்லாம் ஜப்பானுக்கு" என்று சிரிப்பார்கள். அங்கே பூங்கா பெஞ்சின் பலகையை எடுத்தால் அடுப்பு. நம் குப்பத்துத் திடலில் ஆடி மாதம் ஊருக்கே கூழ் காய்ச்சுகிறார்கள். அடுப்பு எங்கே மூட்டுவது, தண்ணீர் எப்படி வரும், வரிசை எப்படி வளையும் என்பது அங்குள்ள பெண்களுக்கு அத்துப்படி. கூழ் ஊற்றும் நாளில் மாணவர்கள் டேப்போடு போய் அளந்து வரட்டும்; ஜப்பான் அப்புறம்.

பாடத்திட்டத்தில் இடமில்லையாம். புதுப் பாடம் யார் கேட்டார்கள்? ரிசார்ட்டுக்குப் பதிலாக எண்ணூரை சைட்டாகக் கொடுத்தால் முடிந்தது.

மாணவர் வடிவமைப்பை மதிப்பிடும் ஜூரியும் ஏசி அறையில் வேண்டாம். இரவு பதினொன்றரைக்குக் குப்பத்திலேயே, விளக்கை அணைத்துவிட்டு வையுங்கள். மாடலைப் பார்த்து யாராவது ஒரு மீன்கார ஆயா கேட்பார்: "எல்லாம் சரி கண்ணு, கேட்டு சாவி யார்கிட்ட கீது?"