கம்பெனி ஓரம் பூப்பது கரிசலாங்கண்ணியா?

கேள்வி: ஒரகடம் சாலையில் கம்பெனி மதிலோரம் மஞ்சள் பூவோடு படரும் செடி எங்கள் வரப்புக்கும் வந்துவிட்டது. மஞ்சள் கரிசலாங்கண்ணிதான், கீரையாகக் கடையலாம் என்கிறார் மாமியார். சமைக்கலாமா?
– வாசகி, வல்லக்கோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. அது பெரும்பாலும் வெடேலியா. அழகுக்காக நர்சரியில் வாங்கி நட்டது. மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையும், கரீபியன் தீவுகளும் அதன் தாயகம். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியோ இந்தியா, இலங்கை தொடங்கி சீனா, ஜப்பான் வரை ஈர நிலங்களில் தானாக வளர்வது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், அதிலும் நெருங்கிய உறவு. மாமியார் ஏமாந்ததில் வியப்பில்லை.

இலையைப் பாருங்கள். வெடேலியா இலை தடிப்பாக, பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணி இலை நீண்டு ஒடுங்கி, சொரசொரப்பாக, மடல் இல்லாமல் இருக்கும். வெடேலியா மேய்ந்த சினைமாடுகள் கன்று வீசியதாக வெளிநாடுகளில் பதிவு உண்டு. சினை ஆடுமாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

உழுது அழிக்கவும் பார்க்காதீர்கள். கணுவுக்குக் கணு வேர் விடும், ஒரு துண்டு போதும். மழை பெய்த ஈரத்தில் வேரோடு பிடுங்கிக் களத்தில் காயப்போடுங்கள். கால்வாயில் வீசினால் கீழ்மடைக்காரர் வயலில் முளைக்கும்.

சந்தேகமிருந்தால் பூவோடு ஒரு கொடியை வேளாண் விரிவாக்க மையத்துக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.