துரோகம் யாருடையது?

இசையாசிரியர் ஒருவர் வீணையை உறையிலிட்டுவிட்டு மென்பொருள் எழுதப் போனால், 'கலைக்குத் துரோகம்' என்று பதறுகிறோம். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். அன்று நம்மில் எத்தனை பேர் பதறினோம்? திருமண மேடையை நம்பிய கலைஞருக்கோ ஆடியும் மார்கழியும் வெறும் மாதங்கள்.

'இசையும் கணிதந்தானே, நிரல் எளிதில் வந்துவிடும்' என்னும் ஆறுதல் அதனினும் மோசம். 72 மேளகர்த்தாக்களையும் அறிந்தவருக்கும் நிரலின் பிழை தேடும் இரவுகள் புதியவையே. அவர் உடன் கொண்டுசெல்வது, ஒரே வரியை நூறு முறை சாதகம் செய்யும் பொறுமை. அதற்குச் சந்தை சம்பளம் தருகிறது. நாம் தந்தது பொன்னாடை.

அவரைத் தூற்றுமுன், நம் பிள்ளைகளின் பள்ளியில் பாட்டு வகுப்பு உண்டா என்றாவது கேட்போம்.