1,450 யூரோவுக்கு ஒரு வாள்: என் தம்பி பண்ணது தப்பா?

என் தம்பிக்கு வயசு 27. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். போன வருஷம் அவன் ஒரு வாள் வாங்கினான். 16-ம் நூற்றாண்டு ஜெர்மன் குதிரைப்படை வீரன் இடுப்புல தொங்கின மாதிரியான வாள். பழசு இல்லை, கையால் செஞ்ச நகல். விலை 1,450 யூரோ. நம்ம பணத்துல ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல.

வீட்டுல விஷயம் தெரிஞ்சதும் அப்பா எனக்குத்தான் போன் பண்ணார். "நீ ஊருக்கெல்லாம் வீடியோ போடுற, உன் தம்பி வாள் வாங்கியிருக்கான்." நானும் அன்னைக்கு என் பங்குக்குத் திட்டினேன். இப்போ யோசிச்சா, திட்டினதுல பாதி தப்பு. அதைத்தான் இந்தப் பதிவுல எழுதப் போறேன்.

முதல்ல அவன் என்ன வாங்கினான்னு பார்ப்போம். ஆஸ்திரியாவுல கிராட்ஸ் நகரத்துல லாண்டெஸ்சாய்க்ஹவுஸ்னு ஒரு பழைய ஆயுதக் கிடங்கு இருக்கு. 1640-கள்ல கட்டினது, நாலு மாடி. 30,000-க்கும் மேல கவசம், துப்பாக்கி, வாள் எல்லாம் மர அலமாரிகள்ல வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. தம்பி சுற்றுலா போனவன் அங்கே மூணு மணி நேரம் நின்னுட்டான். அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடிச்சது.

அந்தக் காலத்துக் குதிரை வீரர்களுக்கு ஜெர்மன்ல 'ரைட்டர்'னு பேர். நம்ம போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இல்லை! சம்பளத்துக்குப் போன கூலிப்படை. 1562-ல் பிரான்ஸ்ல ஆரம்பிச்ச மதப் போர்கள்ல ரெண்டு பக்கமுமே இவங்களைக் காசு கொடுத்துக் கூப்பிட்டாங்க. குதிரை, ஆயுதம் எல்லாம் அவங்களே கொண்டு வரணும். சம்பளம் நேரத்துக்கு வராது. அவங்களோட முக்கிய ஆயுதம் வாள்கூட இல்லை, வீல்லாக் பிஸ்டல். சுட்டு முடிச்ச பிறகுதான் வாளுக்கு வேலை. ஆக, அந்த வீரனுக்கு வாள் ஒரு தொழில் கருவி. நம்ம பாஷையில சொன்னா, தேய்மானம் போடக்கூடிய சொத்து. என் தம்பிக்கு அது சுவத்துல மாட்டுற பொருள். ரெண்டு பேருமே சம்பளக்காரங்கதான், ஆனா கணக்கு ஒண்ணு இல்லை.

சரி, ஒரு இரும்புத் துண்டுக்கு 1,450 யூரோவா? இங்கே நான் தம்பிகிட்ட பாடம் கத்துக்கிட்டேன். சினிமாவுல பார்த்து வாள்னா அஞ்சு கிலோ இருக்கும்னு நினைச்சிருந்தேன். அவனோடது 1.3 கிலோதான். அசல்களும் ஏறக்குறைய அந்த எடைதான். அலகு கைப்பிடிப் பக்கம் தடிமனாவும் நுனிப் பக்கம் மெலிசாவும் படிப்படியா குறையணும். அது சரியா இல்லைன்னா கையில பிடிச்சா கடப்பாரை மாதிரி இருக்கும். சூடுபடுத்திக் குளிர வைக்கிற பக்குவம் பிசகினா ஒண்ணு உடையும், இல்லை வளைஞ்சே நிக்கும். விரல்களைக் காக்க கைப்பிடியைச் சுத்தி வளையம் வளையமா கம்பி போகும், கட்டைவிரலுக்குத் தனியா ஒரு வளையம். அதை ஒவ்வொண்ணா வளைச்சு, பத்த வெச்சு, அரம் போட்டு எடுக்கணும். நீங்க கொடுக்கிற காசுல பெரும்பகுதி இரும்புக்கு இல்லை, ஒரு மனுஷனோட மணி நேரங்களுக்கு. அந்த விலை எனக்கு இப்போ அநியாயமா தெரியலை.

ஆனா இதை விக்கிறவங்க சிலர் 'முதலீடு'ன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துடுறாங்க. அதுல எனக்கு உடன்பாடே இல்லை. 400 வருஷப் பழைய அசல் வாள் இனிமே புதுசா பிறக்காது, அதனால அதுக்கு ஒரு விலை. நகல் அப்படி இல்லை. அதே பட்டறையில நாளைக்கே இன்னொண்ணு செய்யலாம். வாங்குற ஆளுங்க கொஞ்சம் பேர். அனுப்புற செலவு அதிகம். நாட்டுக்கு நாடு ஆயுதச் சட்டம் வேற. பட்டறை மூடிட்டா, இல்லை அந்த மாடலை நிறுத்திட்டா விலை நிக்கலாம். அதை நம்பிப் பணம் போடறது லாட்டரி. சாதாரணமா ரெண்டாவது கைக்குப் போகும்போது புது விலையை விடக் குறைச்சுத்தான் கிடைக்கும்.

நான் போட்ட கணக்கு இது. அஞ்சு வருஷம் கழிச்சு 1,000 யூரோவுக்கு விக்கிறான்னு வெச்சுக்கோங்க. அதே 1,450-ஐ வருஷம் 7 சதவீதம் வளர்ற ஒண்ணுல போட்டிருந்தா சுமார் 2,034 ஆகியிருக்கும். வித்தியாசம் 1,034 யூரோ, 60 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 17 யூரோ சொச்சம். அவன் ஜிம்முக்கு மாசம் 30 கட்டுறான், போறது மாசத்துக்கு ரெண்டு நாள். அதைப் பத்தி அப்பா எனக்குப் போன் பண்ணதே இல்லை.

அப்போ நான் எதுக்குத் திட்டினேன்? அதுதான் விஷயமே.

இந்த வாள் அவனோட ரெண்டாவது முயற்சி. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, வேற ஒரு நாட்டுல தனி ஆளா பட்டறை நடத்துற ஒருத்தருக்கு 600 யூரோ முன்பணம் அனுப்பியிருக்கான். நேரா வங்கி டிரான்ஸ்ஃபர். 14 மாசம் காத்திருக்கணும்னு பேச்சு. பத்தாவது மாசம் பதில் நின்னுபோச்சு, அப்புறம் அந்த வெப்சைட்டே காணோம். ஏமாத்தினாரா, நொடிச்சுப் போனாரா, உடம்பு சரியில்லாமப் போச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தச் சமயத்துல இங்கே அவனோட கல்விக் கடன் ஓடிட்டிருந்தது, 10.5 சதவீத வட்டியில.

இது எனக்கு எப்போ தெரியும்? போன வருஷம்தான். "ஏன்டா அப்பவே சொல்லலை"ன்னு கேட்டேன். "சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்க்கா"ன்னான்.

அதுக்குப் பிறகு ரெண்டு நாள் எனக்கு வேலை ஓடலை. ஏன்னா அவன் முன்னாடியே கேட்டிருந்தா, நான் ஒரு சி.ஏ.வா சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ரொம்பச் சின்னது. தனி ஆள் பட்டறைக்கு நீங்க கொடுக்கிற முன்பணம், ஆர்டர் இல்லை, கடன். அதுவும் ஈடு இல்லாத கடன். அவர் நொடிச்சா வங்கி, வரி எல்லாம் போன பிறகு வரிசையோட கடைசியில நீங்க. அதனால முன்பணத்தைக் கம்மி பண்ணுங்க. அலகு அடிச்ச பிறகு கொஞ்சம், கைப்பிடி முடிஞ்ச பிறகு கொஞ்சம்னு போட்டோ பார்த்துப் பார்த்துக் கொடுங்க. தகராறு பண்ண வழி இருக்கிற கார்டுல கட்டுங்க. இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு அஞ்சு நிமிஷம். ஆனா 'ஆசைக்குச் செலவு பண்றவன் முட்டாள்'னு வருஷக்கணக்கா வீட்டுலயும் சேனல்லயும் பேசி, அந்த அஞ்சு நிமிஷத்தை நானே இல்லாமப் பண்ணிட்டேன். நம்மளை மாதிரி பணம் பத்திப் பேசுறவங்க கேலி பண்ணா ஜனங்க செலவை நிறுத்தறதில்லை. நம்மகிட்டச் சொல்றதை நிறுத்திடுறாங்க.

முதல் வாள் தப்புதான், அதுல இன்னைக்கும் நான் மாறலை. 10.5 சதவீதக் கடன் தலைக்கு மேல இருக்கும்போது 600 யூரோ பொழுதுபோக்குக்குப் போகக் கூடாது. ரெண்டாவது வாங்கும்போது கல்விக் கடன் முடிஞ்சிருந்தது. ஆறு மாசச் சம்பளம் தனிக் கணக்குல இருந்தது. இ.எம்.ஐ. கிடையாது. செஞ்சு தயாரா இருந்ததை, நேர்ல கையில பிடிச்சுப் பார்த்து வாங்கினான். அதுக்கு நான் திட்டினது அநியாயம்.

வரி பத்திக் கேப்பீங்க. ஜெர்மனியில தனிப்பட்ட பொருளை வாங்கி ஒரு வருஷம் தாண்டி வித்தா லாபத்துக்கு வரி இல்லை. இங்கே சொந்த உபயோகப் பொருள் மூலதனச் சொத்துல வராது, ஆனா நகை, ஓவியம், சிற்பம், கலைப்படைப்பு எல்லாம் வரும். கைவினை வாள் கலைப்படைப்பா இல்லையான்னு அதிகாரியோட வாதாடலாம். லாபம் வந்தா பார்த்துக்கலாம், எனக்கு அந்தக் கவலை இல்லை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சொந்த உபயோகப் பொருள்னு சொல்லிட்டா நஷ்டத்தையும் காட்ட முடியாது.

இதைப் படிச்சுட்டு யாராவது வெளிநாட்டுல ஆர்டர் போட்டு சென்னைக்கு வரவழைக்கலாம்னு நினைச்சா, நில்லுங்க. 1959 ஆயுதச் சட்டத்தோட 10-வது பிரிவுப்படி ஆயுதத்தை இந்தியாவுக்குள்ள கொண்டு வர உரிமம் வேணும். 2016 விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமான வாள் ஆயுத வகையில இருக்கு. 'அலங்காரத்துக்குத்தான் சார்'னு கஸ்டம்ஸ்ல சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீங்க. 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு இருக்கிற தனி சுங்கத் தலைப்பும் நகலுக்குப் பொருந்தாது. அதனாலதான் அம்மா இன்னும் அந்த வாளை வீடியோ கால்லதான் பார்த்திருக்காங்க. "துருப்பிடிக்காதாடா?"ன்னு கேட்டாங்க. பிடிக்கும். கார்பன் ஸ்டீல், மாசம் ஒரு தடவை எண்ணெய் தடவணும். அந்த வேலையை மட்டும் மறக்காம பண்றான்.

போன மாசம் ரெண்டு பேரும் உக்காந்து அவனோட நிகர மதிப்பு ஷீட்டைப் போட்டோம். வாளுக்கு எதிரே 1,450-னு எழுதியிருந்தான். சைபர் போடுடான்னேன். கொஞ்ச நேரம் பேரம் பேசினோம். முழுசா தேய்மானம் போன பொருளுக்கு ஜெர்மன் கணக்குப் புத்தகங்கள்ல, பொருள் இருக்குன்னு ஞாபகத்துக்கு ஒரு யூரோ விட்டு வைக்கிற வழக்கம் இருக்கு. அதையே எடுத்துக்கிட்டோம். இப்போ ஷீட்டுல 'வாள்: 1 யூரோ'ன்னு இருக்கு. அதுக்குக் கீழே 'முன்பணம், வராதது: 600'ன்னு இன்னொரு வரி. அதை அழிக்க வேண்டாம்னு அவனே சொல்லிட்டான்.