மதுரைக்குப் போகும் குழந்தைகள்

கோடை விடுமுறை பிறந்ததும் நிலக்கோட்டை வட்டாரத்து வீடுகளில் ஒரு விண்ணப்பம் தவறாமல் எழுகிறது: "மதுரைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்!" விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். அதை நிராகரிக்கும் துணிவு எந்தத் தகப்பனாருக்கும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆனால் அழைத்துப் போன பின்னர் நடப்பது என்ன? ஜவுளிக் கடையில் மூன்று மணி நேரம், பாத்திரக் கடையில் ஒரு மணி நேரம், மீதிப் பொழுது உறவினர் வீட்டுக் கூடத்தில். குழந்தை கண்ட மதுரை, தாயாரின் முந்தானையும் கடைப் படிக்கட்டும்தான்! கேட்டால், "மதுரையில் குழந்தைகளுக்கென்று என்ன இருக்கிறது?" என்கிறார்கள் பெரியவர்கள். இதற்கு விடை சொல்வதே இவ்வாரம் நமது உத்தேசம்.

முதலாவது, பஸ்ஸை விட்டு ரயிலில் போகலாம். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் ஏறினால் ஒரு பக்கம் சிறுமலை கூடவே வருகிறது. வாடிப்பட்டி தாண்டிச் சோழவந்தான் வந்ததும் வயலும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் கண்ணில் படுகின்றன. மதுரை ஸ்டேஷனை நெருங்கும்போது வைகைப் பாலம். ஆற்றில் நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாலத்தின் மேல் வண்டி போடும் சத்தம் ஒன்றே சிறுவர்களுக்குப் போதும். ஜன்னலோரத்து இடத்தைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நமது வேண்டுகோள்.

காலை வேளையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விடுவது நலம். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கைப்பேசியைக் கோயிலுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. அது பெரிய பாக்கியம் என்றே நாம் கருதுகிறோம். தகப்பனாரும் சற்று நேரம் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பார். ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பெயர் ஆயிரமே ஒழிய, தூண்கள் 985 தான் என்பதைக் குழந்தையின் காதில் போட்டு வையுங்கள். பெரியவர்கள் வைத்த பெயரிலும் கணக்குப் பிசகு உண்டு என்று அறிவதில் பள்ளிப் பிள்ளைக்கு உண்டாகும் ஆனந்தம் கொஞ்சமல்ல! வாசலில் பூக்காரியின் கூடையைக் கண்டு, "இது நம்ம ஊருப் பூல்ல?" என்று குழந்தை கேட்டால் வியப்பில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் பூப்பதுதானே? உழைப்பு நம்முடையது, பெயர் மதுரையினுடையது. ஆயினும் மீனாட்சிக்குச் சூட்டுகிறோம் என்பதால் மன்னித்துவிடலாம்.

கோயிலை விட்டு வெளியே வருமுன் மற்றொரு விஷயத்தையும் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். இன்று எல்லோரும் தடையின்றி நுழையும் இந்த வாசலில், 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி வரையில் ஒரு சாராரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்றுதான் மதுரை வைத்தியநாதய்யர், கக்கன் முதலிய ஹரிஜன சகோதரர்களையும் நாடார் சகோதரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்தார். எல்லோருக்கும் திறவாத கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்றிருந்த மகாத்மா, 1946-இல்தான் இங்கே வந்து வழிபட்டார். நம் ஊரிலிருந்து துள்ளிக் குதித்துக்கொண்டு போகும் குழந்தைகளில் எத்தனையோ பேருடைய பாட்டனார்களின் தகப்பனார்கள் இதே வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுத் திரும்பியவர்கள். இதைச் சொல்லாமல் சிற்பத்தை மாத்திரம் காட்டுவது பாதிக் கோயிலைக் காட்டுவதாகும்.

திருமலை நாயக்கர் மஹாலில் நெடுநேரம் வேண்டியதில்லை. 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஒரு தூணைக் கட்டிப் பிடிக்க எத்தனை குழந்தைகள் கைகோக்க வேண்டும் என்று பார்க்கச் சொல்லுங்கள். சரித்திரப் பாடம் அதற்குள் முடிந்துவிடும். விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து, வைகையைக் கடந்து தமுக்கத்துக்குப் போகலாம். பாலும் கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் உள்ளே போன குழந்தை வெயிலைப் பற்றி முறையிடாது.

தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இருக்கிறது காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959 ஏப்ரல் 15-இல் பண்டித நேரு திறந்து வைத்தார். சுதந்திரப் போராட்டத்தின் கதையைச் சுவர் நெடுகப் படங்களாக மாட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க வைத்தால் குழந்தை கொட்டாவி விடும். அதன் மேல் குற்றமில்லை. எந்தப் படத்தின் முன் அது தானாக நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.

இங்கேதான் பெற்றோருக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்படுகிறது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா சுடப்பட்டபோது அணிந்திருந்த ஆடையின் ஒரு பகுதி, இரத்தக் கறையுடன், கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தையின் கண்ணைப் பொத்தி வேகமாக இழுத்துச் செல்லும் தாய்மார்கள் உண்டு. அவர்களுடைய அச்சம் புரியாததன்று. மிகச் சிறு குழந்தைகளுக்கு அந்த இடம் வேண்டாந்தான். ஆனால் எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அங்கே நிற்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். தினந்தோறும் திரையில் நூறு பேரைச் சுட்டு வீழ்த்தும் கதாநாயகர்களைக் காட்டத் தயங்காத நாம், உண்மையான ஒரு குண்டு என்ன செய்யும் என்பதைக் காட்ட மட்டும் தயங்குவது விந்தையல்லவா? குழந்தை கட்டாயம் கேட்கும்: "யார் சுட்டது? எதற்காக?" வெள்ளைக்காரன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். சுட்டவன் நம் நாட்டான்; மகாத்மாவின் மதத்தையே சேர்ந்தவன். எல்லா மதத்தாரும் இத்தேசத்தில் சமமாக வாழ வேண்டும் என்று அவர் சொன்னது பொறுக்காமல் சுட்டான். இவ்வளவும் ஒரு சிறுவனுக்கு விளங்கக் கூடியதே. சொல்லும்போது நம் குரல் சற்றுத் தடுமாறினால், அதையும் அவன் கேட்கட்டும்.

அந்த ஆடை அப்படிக் குறுகியதற்கும் மதுரைதான் காரணம். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த ரயில் பிரயாணத்தில், கதர் உடுத்தாத ஏழைகளிடம் காந்தியடிகள் பேசிப் பார்த்தார். வாங்க வசதியில்லை என்றார்கள். குல்லாயும் சட்டையும் முழு வேட்டியும் தரித்திருந்த தாம் அவர்களுக்கு என்ன விடை சொல்வது என்று தவித்தார். மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது, செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் முழங்காலளவு துண்டுடன் வெளியே வந்தார். முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் நினைத்திருந்தார். ஆயுள் முழுவதற்கும் ஆகிவிட்டது. அந்த வீட்டில் இன்று கதர்க் கடை இருக்கிறது. ஜவுளி வாங்கியே தீர வேண்டும் என்கிற தாய்மார்கள் அங்கே ஒரு துண்டாவது வாங்கலாம். குழந்தைக்கு இடமும் கண்டதாகும்.

இத்தனை கனத்த பேச்சுக்குப் பிறகு, தமுக்கத்தின் அருகிலேயே உள்ள ராஜாஜி சிறுவர் பூங்காவில் குழந்தைகளை அவிழ்த்து விட்டுவிடுங்கள். அப்போது எந்த உபதேசமும் வேண்டாம்.

ஒரே நாளில் இதற்கு மேல் திணிப்பது கொடுமை. புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு; அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கீழடி அருங்காட்சியகத்தையும் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே பொன்மணிகளைவிட, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் ஆடிய வட்டச் சில்லுகள்தாம் முதலில் கண்ணில் படும். நிலக்கோட்டைத் தெருவில் பாண்டி ஆடும் பெண் குழந்தைக்கு அவை இன்னவென்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.