விற்ற பின்னும் உரிமையா?

2013 ஜூன் 10 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இ3 கண்காட்சியையொட்டி இரு நிறுவனங்கள் தம் புதிய விளையாட்டுக் கருவிகளின் விலையை அறிவித்தன. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர். சோனியின் பிளேஸ்டேஷன் 4, 399 டாலர். எனினும் நம்மைக் கவர்ந்தது விலையன்று. விளையாட்டு வட்டுகளை விற்கவும் இரவல் தரவும் தடையில்லை என்றது சோனி, அரங்கம் ஆரவாரித்தது. எக்ஸ்பாக்ஸோ, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தொடர்பு வேண்டும் என்றதோடு, வட்டுகள் கைமாறுவதற்கும் நிபந்தனைகள் விதித்திருந்தது.

விலை கொடுத்து வாங்கிய பொருளை அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க, விற்றவரின் அனுமதி எதற்கு? மக்களின் எதிர்ப்பு வலுக்கவே, ஒன்பதே நாள்களில் மைக்ரோசாஃப்ட் அந்நிபந்தனைகளைக் கைவிட்டது.

அன்று போராடிக் காத்த உரிமையை இன்று நாமே வசதிக்காக விட்டுக்கொடுக்கிறோம். பதிவிறக்கி வாங்கும் விளையாட்டைப் பிறருக்கு விற்கப் பெரும்பாலும் வழியில்லை. அங்கே நாம் பெறுவது பொருளை அன்று, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோரே, பணம் செலுத்துமுன் இந்த வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பகிர்ந்து விளையாடும் பழக்கமும் அந்த வட்டோடு சேர்ந்தே மறைந்துவிடக் கூடாது.