தீவகத்துத் தெருக்களும் படம் பிடிப்போரும்

நம் தீவகத்தைப் படம் பிடிப்போர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. ஊர்காவற்றுறைக் கடலில் மிதப்பது போல நிற்கும் கடற்கோட்டை, நெடுந்தீவின் மட்டக்குதிரைகள், பெருக்கமரம், புறாக்கூடு, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரம் ஆகிய இவ்வைந்தும் எத்தனை ஆயிரம் கமராக்களிற் பதிவாகியுள்ளன என்பதற்குக் கணக்கில்லை. இதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், இவ்வைந்தையும் கண்டவர் தீவகத்தைக் கண்டுவிட்டதாக எண்ணுவாராயின், அவருக்கு நாம் சொல்ல வேண்டியது சில உண்டு.

தெருக்களை எவரும் படம் பிடிப்பதில்லை. வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ஒழுங்கைக்குள் ஒழுங்கையாக நடந்து பார்த்தால், கூரையிழந்த நாற்சார் வீடுகள் வரிசையாக நிற்கக் காணலாம். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகம் இராணுவத்தின் வசமானபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர்; பலர் மீளவில்லை. முதலில் ஓடு போயிற்று, பின்னர் கதவு, அதன் பின் நிலையும் தீராந்தியும். இன்று சுவரும் முற்றத்தில் முளைத்த மரமுமே எஞ்சியுள்ளன. சங்கடப்படலைகள் அருகிவிட்டன. வழிப்போக்கன் சுமையிறக்கிய சுமைதாங்கியும், மாடு முதுகுரைஞ்சிய ஆவுரோஞ்சிக் கல்லும் இளையோருக்குப் பெயர் தெரியாத கற்களாகிவிட்டன. நெடுந்தீவில் சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகள் இன்னும் நிற்கின்றன. குதிரையைப் படம் பிடிப்போர் அவ்வேலியைக் குதிரைக்குப் பின்னணியாக மட்டுமே கொள்கின்றனர். அதனை அடுக்கிய கைகளைப் பற்றி எவரும் வினவுவதில்லை.

கோட்டையும் தேவாலயமும் அந்நியர் விட்டுச் சென்றவை. சைவப் பாரம்பரியத்தில் வளர்ந்த நமக்கு அவற்றால் ஆவதென்ன எனக் கேட்கும் நண்பர்கள் உளர். போர்த்துக்கேயர் நம் கோயில்களை இடித்தனர் என்பது வரலாறு. அதனை மறக்குமாறு நாம் சொல்லவில்லை. ஆயின் அந்நியர் வரவு ஊர்காவற்றுறைக்குப் புதியதன்று. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இத்துறையைப் பற்றியே பேசுகின்றது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனுக்கு, எஞ்சியது உடையவனுக்கு. ஏனைய வணிகக் கலமாயின் செம்பாதி என்றும் அது விதிக்கின்றது. சிங்கள மன்னன் தமிழில் ஆணையிட்டு, பிறநாட்டு வணிகரை அழைத்த துறை இது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை எனத் தம் மொழியில் வழங்கினர். கயிற்ஸ் என்னும் பெயர் அதன் வழி வந்தது. 1658இல் வந்த ஒல்லாந்தர், இலங்கையின் வடிவைப் பன்றித் தொடைக்கு ஒப்பிட்டு, அதன் குதியென்று பொருள்பட ஹமன்ஹீல் எனக் கடற்கோட்டைக்குப் பெயரிட்டனர். வேலணையை லைடன் என்றும் காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும் அவர்கள் அழைத்தனர். இவை யாவும் நம் தெருவின் வரலாறே.

பரதேசி என்னும் அதே சொல்லைப் பெயராகக் கொண்ட தொழுகைக்கூடம் ஒன்று கொச்சியில் உண்டு. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1568இல் எழுந்த அத்தொழுகைக்கூடத்தையும், அதன் நிலத்தில் பதித்த சீனத்து நீலவண்ண ஓடுகளையும் படம் பிடிக்காத பயணி இல்லை. தெருவின் பெயர் நிலைத்துள்ளது. யூதரோ 1948இல் இஸ்ரேல் தோன்றிய பின் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றுவிட்டனர். அவர்கள் வாழ்ந்த வீடுகளிற் பல இன்று பழம்பொருட் கடைகள். அத்தெருவில் வேறு தொழுகைக்கூடங்களும் இருந்தன. கடவும்பாகம் என்னும் கூடம் பண்டசாலையாகிப் பாழடைந்தது. அதன் உள்ளலங்கார மரவேலைப்பாடுகள் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. இன்னுமொன்று. மலபார் யூதருக்கும் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோருக்கும் பரதேசிக் கூடத்தில் நெடுங்காலம் சமவுரிமை மறுக்கப்பட்டது. அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தவர் ஏ. பி. சாலம் என்னும் வழக்கறிஞர். நீல ஓட்டின் படத்தில் இச்செய்தி தெரியாது.

நம் நாற்சார் வீடுகளின் படத்திலும் அத்தகைய செய்தி தெரியாது. அவ்வீட்டுக் கிணற்றில் நீரள்ள இயலாதிருந்தோரின் குடில்கள் ஒழுங்கையின் கடைக்கோடியில் இருந்தன. மண்சுவரும் கிடுகும் ஆதலின் அவற்றின் இடிபாடுகூட எஞ்சவில்லை. கல்வீட்டை மட்டும் பதிவு செய்தால், தீவகத்தில் எல்லோரும் கல்வீட்டில் வாழ்ந்தனர் என நம் பேரர் நினைப்பர்.

இடிபாட்டின் மீது கமராக்காரருக்கு உள்ள மோகம் வேறொரு வகையிலும் பொய்யாகும். ரோமன் விஷ்னியாக் என்பார் 1935 முதல் 1938 வரை கிழக்கு ஐரோப்பிய யூதக் குடியிருப்புகளைப் படம் பிடித்தார். அமெரிக்க யூத நிவாரண அமைப்பொன்று பணம் திரட்டுவதற்காக அவரை அனுப்பியது. சில ஆண்டுகளில் நாஜிகள் அம்மக்களை அழித்தனர்; படங்கள் எஞ்சின. அவற்றின் அருமையை யாரும் மறுக்கார். ஆயினும் அவர் வெளியிட்டவற்றில் வறியோரும் பக்தரும் கிழவருமே மிகுதி. 1990இல் அவர் மறைந்த பின், வெளிவராத படங்களை ஆராய்ந்தோர் அதே நகரங்களின் நவநாகரிக வாழ்வையும் அவற்றிற் கண்டனர். இரக்கத்தை எழுப்பும் படம் தெரிவு செய்யப்பட்டது; மற்றது பெட்டிக்குள் உறங்கியது. புலம்பெயர் நாடுகளில் நிதி திரட்டும்பொருட்டு நம்மவர் வெளியிடும் படங்களிலும் இதே தெரிவைக் காண்கின்றோம். உடைந்த சுவரும் ஒற்றைக் கிழவியும் உண்டு. பாடசாலை விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகளும், குறிகட்டுவான் இறங்குதுறையில் மூட்டையுடன் காத்திருக்கும் வியாபாரிகளும் இல்லை.

நயினாதீவுப் படங்களிலோ வெட்டிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. கோபுரத்தைப் பிடிப்போர் நாகவிகாரை சட்டத்துக்குள் வராதவாறு நிற்பர். விகாரையைப் பிடிப்போர் கோபுரம் வராதவாறு நிற்பர். தீவிலுள்ள பள்ளிவாசலை இருவருமே கண்டுகொள்வதில்லை.

கொச்சித் தெருவின் கதையைக் கேட்டு வருந்துவோர் நம் ஊரையும் சிறிது எண்ணுதல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. கொச்சி யூதரை எவரும் விரட்டவில்லை. அவர்கள் தாமே சென்றனர். இவர்களோ விரட்டப்பட்டனர். சோனகத் தெரு என்ற பெயர் அழியவில்லை. மீண்டு வந்தோர் சிலர். இதனைச் சொல்லாமல் நம் வீடுகளின் இழப்பை மட்டும் படமாக்கி உலகுக்குக் காட்டுவது நேர்மையாகாது என்பது நம் துணிபு. தம் வீட்டை இழந்தவரே மற்றவர் வீட்டின் வெறுமையை நன்கு அறிவர்.

விழா மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பழைய மாணவர் பலர் ஆடி, ஆவணி விடுமுறைகளில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்து, தம் ஒழுங்கையில் ஒரு நாள் நின்று படம் பிடித்துச் செல்கின்றனர். படம் கைத்தொலைபேசியிலேயே கிடந்து, தொலைபேசி மாறும்போது மறைந்து போகின்றது. தெருவின் பெயர், வீட்டுக்கு வழங்கிய பெயர், எத்திசையிலிருந்து பிடித்தது, எந்த ஆண்டு என்னும் நான்கையும் அன்றிரவே எழுதி வைக்க வேண்டும். அடுப்படி எது, நெற்கூடை இருந்த அறை எது என்பதை ஊரிலுள்ள முதியவரிடம் கேட்டெழுதுதல் அதனினும் நன்று. அம்முதியவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்பது உறுதியன்று. பிறர் வளவுக்குள் நுழையுமுன் அயலவரிடம் ஒரு சொல் கேட்பது முறை. ஆளில்லாமல் பறக்கும் கமரா இதற்கு உதவாது. அது கூரையில்லாமையைக் காட்டும், திண்ணையைக் காட்டாது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே இடத்தில் இருந்தன. ஆகவே படங்களின் படி ஒன்று கல்லூரி நூலகத்திலும், ஒன்று 2005 முதல் இயங்கிவரும் நூலக நிறுவனத்தின் மின்தொகுப்பிலும், ஒன்று வெளிநாட்டிலுள்ள சங்கக் கிளைகளிலும் இருத்தல் நன்று. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களிலிருந்து தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாரிக்குக் கூரையற்ற சுண்ணச்சாந்துச் சுவர்கள் நெடுநாள் தாங்கா. வருகிற ஆவணியிலேயே தொடங்குவது நலம்.